மூணாவது காப்பி

பொய் சொன்னது அந்த ஆளும்மா, நான் இல்ல. ரெண்டு நாள் இதே கொட்டகையில உட்கார்ந்து நான் பேசினதையெல்லாம் பதிவு பண்ணிட்டுப் போனான். போய், கம்ப்யூட்டர் விளையாட்டுல என்னைக் கொலைகாரனாக்கி வெச்சிருக்கான். இப்ப எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்க உன்னை அனுப்பறானா? ஏன், ஸ்டாக்ஹோம்லருந்து மால்மோ வர துரைக்கு ரயில் கிடைக்கலையா?

உட்காரு. அந்த டயரைத் தள்ளிட்டு உட்காரு. உன் மேல கோபமில்ல. கத்தறேனா? என் குரலே இதுதான். முப்பது வருஷமா பழைய காருக்குப் பேரம் பேசற தொண்டை. பேப்பரை உள்ள வை. அந்தக் காட்சியைத் தூக்கினாதான் கையெழுத்து.

விளையாடிப் பார்த்தேனே, பார்க்காம என்ன. என் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தா. எங்க போஸ்னியா சண்டை, எங்க ஊரு, எங்க பாலம். துப்பாக்கி மட்டும் அறுபது வகை, ஒவ்வொண்ணையும் திருகாணி வரைக்கும் வரைஞ்சிருக்கான். சமாதானத்துக்கு? ஒரே ஒரு பட்டன். ரெண்டு கை குலுக்கற படம். அமுக்கினா நமக்கு நாப்பது புள்ளி நஷ்டம். எதிராளி ஒரு நொடியில சரிங்கறான், இல்ல முடியாதுங்கறான். த்தூ. ஒரு நொடியில ஒரு கிழட்டு ஆட்டைக்கூட விற்க முடியாதும்மா.

சண்டைக்கு முன்னாடி எனக்கு ஆட்டு யாவாரம். ராடென்கோவுக்கும் அதான், அதே சந்தையில. சண்டை வந்தப்ப அவன் அந்தக் கரைக்குப் பேச்சாளு, நான் இந்தக் கரைக்கு. ரெண்டு கரையிலயும் பொணம் கிடக்கும், எடுக்கணும். உருளைக்கிழங்கு தோண்டணும். அதுவரைக்கும் எத்தனை மணி நேரம் சுடாம இருக்கறதுன்னு எங்க பக்கத்து மாவு மில்லுல உட்கார்ந்து பேசுவோம். நான் அஞ்சும்பேன், அவன் ஒண்ணும்பான். டேய் நெட்ஷாத், நீ செத்த ஆட்டைச் சினை ஆடுன்னு வித்தவன்தானேம்பான். அதை வாங்கினவன் நீதானேடாம்பேன். கடைசியில மூணுல வந்து நிக்கும். ஆறு தடவை அப்படிப் பண்ணியிருக்கோம். இதுல ஒண்ணாவது உங்க விளையாட்டுல இருக்கா, சொல்லு?

முடிஞ்சதும் பாதிப் பாலம் வரைக்கும் நான் அவன்கூட நடந்து போய் விடுவேன். நான் பக்கத்துல நடந்தா பேச்சு நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம், காவல் நிக்கற எங்க பசங்க துப்பாக்கியைத் தொடமாட்டாங்க.

மில்லுல பேசறப்ப குடிக்கறது வெறும் பார்லியை வறுத்து இடிச்சது, அதுக்குப் பேரு காப்பி. உனக்குத் தெரியாது, எங்க வீடுகள்ல வந்தவனுக்கு ஒரு காப்பி வரவேற்க, ஒண்ணு பேச்சுக்கு. மூணாவது ஊத்திட்டா எழுந்து கிளம்புன்னு அர்த்தம். அதனால மில்லுல மூணாவதை ஊத்தவே மாட்டோம்.

அதைத்தான் அந்த ஆளு பிடிச்சுக்கிட்டான். எதிரியோட தூதனைக் கூப்பிடு, மூணாவது காப்பி கொடுத்துத் தனியா அனுப்பு, பாலத்துல வெச்சுச் சுடு, எதிரியோட தைரியம் முப்பது புள்ளி குறையும். பக்கத்துல என் மீசையோட என் படம். கீழே உண்மைச் சம்பவம்னு எழுத்து. மெடல் வேற!

என்ன? ஆமா, ஊத்தினது நான்தான். அதை நான் மறைக்கலையே.

அன்னிக்கு மூணு மணி நேரத்துக்கு ஒத்துக்கிட்டு, கடைசியில ராடென்கோ அரை மணி குறைச்சுக்கோன்னான். எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. மூணாவதை ஊத்தி அவன் முன்னாடி தள்ளினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், குடிக்காம எழுந்து போயிட்டான். நான் கூடப் போகல. வீராப்பா உட்கார்ந்துட்டேன். அவன் தனியா வர்றதைப் பசங்க பார்த்தாங்க. அவ்வளவுதான்.

திட்டமும் இல்ல, மண்ணும் இல்ல. கோபம். இதை அப்படியே அந்த ஆளுகிட்ட சொன்னேன். கோபத்தை விளையாட்டுல காட்ட முடியாதுங்க, ஆடறவங்களுக்கு ஒரு லாபம் தெரியணும்னான்.

ராடென்கோ பொண்ணு ஸ்நெஷானா இதே ஸ்வீடன்ல, நோர்ஷாப்பிங்ல நர்ஸா இருக்கா. பதினாலு வருஷம் முன்னாடி அவ வாசல்ல போய் நின்னு, நடந்ததைச் சொன்னேன். ஆறு மாசம் பேசல. அப்புறம் வர ஆரம்பிச்சா. என் பொண்ணு கல்யாணத்துல அவதான் தோழி. அவளும் அந்தக் காட்சியைப் பார்த்திருக்கா, போன வாரம் போன் பண்ணினா. மாமா, அப்பாவைத் திட்டம் போட்டா கூப்பிட்டீங்கன்னு கேட்டா. இல்லடின்னேன். வெச்சிட்டா. இப்ப நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல.

நான் சொன்னா அவ இனிமே நம்ப மாட்டாம்மா. அதனால பேப்பரை எடுத்துட்டுப் போ. காட்சியைத் தூக்கினா மட்டும் பத்தாதுன்னு சொல்லு. அவனையே நோர்ஷாப்பிங்குக்குப் போகச் சொல்லு. அவ வாசல்ல நின்னு, தந்திரம் என்னோடது, நெட்ஷாத்தோடது வெறும் கோபம்தான்னு அவன் வாயால சொல்லச் சொல்லு.