தங்கைக்கு வக்கீல் தேடிய கதை

வக்கீல் தேடுவது செருப்பு வாங்குவது மாதிரி. நாலு கடை ஏறி இறங்கிப் போட்டுப் பார்க்காமல் எது கடிக்கும், எது கடிக்காது என்று தெரியாது. அதனால் நான் நான்கு வக்கீல்களைப் பார்த்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் ஊரில் உயில் வழக்கு பார்ப்பவர்கள் மொத்தமே நான்கு பேர் என்பது என் குற்றமா?

அப்பா வீட்டைத் தங்கை பேருக்கு எழுதிவிட்டுப் போனார். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, படுக்கையில் கிடந்தவரை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவள் அவள்தான். மறுக்கவில்லை. ஆனால் மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு வலித்தது.

உயிலை நீதிமன்றம் ஏற்றால்தான் வீடு அவள் கைக்கு வரும். "எனக்குக் கோர்ட்டு விவகாரமெல்லாம் தெரியாதுண்ணா, நீயே ஒரு நல்ல வக்கீலாப் பாரு" என்றாள். பார்க்கத்தான் போனேன். முதலாமவர் அலுவலகம் மருந்துக் கடைக்கு மேலே, மாடிப்படியெல்லாம் டிஞ்சர் வாசனை. உயிலுக்கு ஆதரவா, எதிரா என்று கேட்டார். அதுவரை யாரும் என் பக்கம் எது என்று கேட்டதில்லை. எதிர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப உங்க தங்கச்சி கேஸை இனிமே நான் தொட முடியாது. நீங்க வந்ததையும் அவங்ககிட்ட சொல்ல முடியாது. எங்க தொழில் அப்படி" என்றார்.

எவ்வளவு நேர்மையான தொழில் பாருங்கள். யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தவன், அப்படியே இரண்டாமவர் படியேறினேன். பிறகு மூன்றாமவர். குடும்பக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அப்பாவைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது நிஜம்தான். மூன்றாமவர் தண்ணீர் கொடுத்தார். நான்காமவரை மட்டும் எனக்கே வைத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு வக்கீல் வேண்டுமல்லவா?

அதற்கப்புறம் தங்கையை நானேதான் ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். மேலே போகாமல், கீழே அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மாடியிலிருந்தும் போன வேகத்திலேயே இறங்கி வந்தாள். பேரைக் கேட்டதும் மன்னிக்கச் சொல்கிறார்களாம், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம். வெளியூரில் பார்க்கலாமா என்றாள். உள்ளூர்க்காரரே கை கழுவிய கேஸை வெளியூர்க்காரரா எடுப்பார் என்று பக்குவமாகச் சொன்னேன்.

அவள் மனம் அந்த வழியில் போகும் என்று நான் நினைக்கவில்லை. உயிலிலேயே ஏதோ கோளாறு, அதுதான் படித்தவர்கள் ஒதுங்குகிறார்கள் என்று தானாகவே முடிவுகட்டிவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, முடியாமக் கிடந்தவர்கிட்ட நான்தான் ஏதாவது சொல்லி எழுத வாங்கிட்டேனா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான். அப்பா சுயநினைவோடு, தானே ஆள் அனுப்பி எழுதினார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"போனது போகட்டும்மா, மனசப் போட்டு குழப்பிக்காத" என்றேன்.

அவள் அழுதாள். மன்னிப்புக்கூடக் கேட்டாள். வீட்டில் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று எழுதி என் வக்கீல் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில், படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

நீங்கள் கேட்டதால் இவ்வளவும் சொன்னேன். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அதற்காக அவளை நடுத்தெருவில் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பின்கட்டு அறையை அவளுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறேன். முன்பணம் வாங்கவில்லை. கூடப்பிறந்தவளிடம் போய் முன்பணம் கேட்க எனக்கு மனசு வருமா?