இடுப்பில் பால் மாற்றியதாகச் சொன்னது

என் பெயர் ரத்தினபாய், வயது எழுபத்தொன்று, கணவர் காலஞ்சென்ற ஐசக், இருப்பது கிழக்குத் தாம்பரம், சர்ச்சுக்குப் பின் தெரு. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். என் மகன் ஆஸ்டின் பல் ஆஸ்பத்திரி மேல் கொடுத்த புகார் சம்பந்தமாக விசாரித்ததில் நான் சொல்வது என்னவென்றால்,

போன வருடம் என் கணவருக்கு இடுப்பு எலும்பின் உருண்டையை எடுத்துவிட்டு இரும்பில் வேறு வைத்தார்கள். உருண்டை என்பதை அந்த ஆஸ்பத்திரியில் இங்கிலீஷில் பால் என்றார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கண் டாக்டரிடம்கூட இவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

அதன் பிறகு ஈஸ்டர் கழிந்து இவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, சேலையூரில் உள்ள பல் ஆஸ்பத்திரிக்கு இருவரும் ஆட்டோவில் போனோம். சீட்டு எழுதும் பெண் சாஹிரா, “சுகர், பிரஷர், ஆபரேஷன் இன்னா கீது தாத்தா?” என்று கேட்க, இவர் வீங்கின வாயோடு “பால் மாத்தினதும்மா” என்றார். அந்தப் பெண்ணுக்குப் பல் என்று கேட்டிருக்கிறது. “மாத்தின பல்லே நோவுதா? குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடு தாத்தா” என்று சொல்லவும் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவரும் சிரித்தார். சொல்லியாகிவிட்டது என்றே நினைத்தோம். அதன் பிறகு டாக்டர் டெபோரா பல்லைப் பிடுங்கினார், தன்மையாகத்தான் நடந்துகொண்டார்.

அதன் பிறகு சில நாளில் குளிர்காய்ச்சல் வந்து இடுப்பைத் தொட முடியாமல் ஆனது. பெரிய ஆஸ்பத்திரியில், பாலைச் சுற்றிச் சீழ் வைத்திருப்பதாகச் சொல்லி அதைத் திரும்ப எடுத்தார்கள். “எடுத்ததைக் கேட்டு வாங்கி வச்சியா?” என்று இவர் என்னைக் கேட்டார். வாங்கினேன் என்றேன். வாங்கவில்லை. அதன் பிறகு இறந்துபோனார்.

பல் பிடுங்குமுன் சீழ் வைக்காமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் நானே கேட்டேன். “முன்னாடி எல்லாருக்கும் குடுப்போம், இப்ப பெரும்பாலும் குடுக்கிறதில்லம்மா. குடுத்திருந்தாலும் வந்திருக்கலாம். பல்லுலேர்ந்துதான் வந்துச்சுன்னும் சொல்ல முடியாது” என்றார்.

புகாரில், மாத்திரை கேட்டும் தரவில்லை என்று ஆஸ்டின் எழுதியிருக்கிறான். நாங்கள் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. இப்படிச் சொன்னால் கேஸ் நிற்காது என்று ஸ்டேஷன் வாசலில் சொன்னான். “அப்பாவுக்காக ஒரு வார்த்தை மாத்திச் சொல்லக் கூடாதாம்மா?” என்றான். இவர் சொன்னது பால்தான். அந்தப் பெண்ணுக்குக் கேட்டது பல்தான். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதில் எழுதியிருப்பது நான் சொன்னதுதான், அத்தனையும் நிஜம். என்னை அழைத்து வந்த, இதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டிய மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டபடியால், நானே எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஐ. ரத்தினபாய்