லோகாவின் நாற்பத்தாறு ஷார்ட்கட்கள்

எஸ்கேப் கீயைக் கீபோர்டின் மூலையில் கொண்டுபோய் வைத்தவன் ஒரு நாளும் புரோகிராம் எழுதியிருக்கமாட்டான் என்பது என் கட்சி. விரலுக்கு எட்டாத இடத்தில் எதையும் வைக்கக்கூடாது. அக்ஷயா, நீங்கள் லோகாவோடு நான்கு வருடம் ஒரே டீமில் இருந்தவர். இது உங்களுக்கும் தெரியும். அவள் ஆபீசில் திருப்பிக் கொடுத்த லேப்டாப்பில் நீங்கள் பார்த்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

போன வருடம் சூலூர் ரோட்டில் என் வண்டி சறுக்கியதில் என் மனைவி லோகாவுக்குத் தலையில் அடிபட்டது. இடது கை மரத்துப்போனது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கொஞ்சம் மறதி வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

அவள் புரோகிராம் எழுதும் எடிட்டரை நான் வலது கைக்கு மட்டுமாக மாற்றியமைத்தேன். சேமிக்க ஒரு கீ, செய்ததைத் திரும்பப் பெற ஒரு கீ, வரியை அழிக்க ஒரு கீ என்று மொத்தம் நாற்பத்தாறு ஷார்ட்கட்கள். பட்டியலை அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். காலையில் தோசை ஊற்றிக்கொண்டே நான் கேள்வி கேட்பேன். அவள் சமையல் மேடையில் விரலால் தட்டிக் காட்டுவாள். மூன்றே மாதத்தில் ஒற்றைக் கையால் என்னைவிட வேகமாக எழுதினாள். மறதி கிறதி ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அதுதான்.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு வேலைக்கு, மூன்று மாதம் கழித்து இன்டர்வியூ என்று கூப்பிட்டார்கள்.

"நான் மட்டும் போயி ஒரு ஆறு மாசம் இருந்து பாக்கறனுங்க," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வண்டி சறுக்கிய நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்ப்பதில்லை. போனால் வரமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது இரண்டே இரண்டு கீகளை இடம் மாற்றினேன். திரும்பப் பெறும் கீ வரியை அழித்தது. அழிக்கும் கீ திரும்பப் பெற்றது. பட்டியலையும் புதிதாக அச்சடித்து, பழையதைப் போலவே ஓரம் மடித்து ஒட்டினேன்.

"ஏனுங்க, நேத்து இதையத்தானுங்களே அமுக்குனேன்?"

"இல்ல கண்ணு, மொதல்லிருந்தே அப்படித்தான். பட்டியலப் பாரு."

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு மாற்றம், சில வாரம் இரண்டு. அவள் ஒரு நோட்டில் தானே எழுதிவைக்க ஆரம்பித்தாள். நோட்டும் பட்டியலும் ஒத்துப்போகாதபோது, "தப்பா எழுதிப்போட்டியாட்ட இருக்குது," என்று மெதுவாகச் சொன்னேன். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அவளே அந்த நோட்டைக் கிழித்துப்போட்டாள்.

இன்டர்வியூ அன்று பெங்களூரிலிருந்து ஆன்லைனில் இரண்டு பேர் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் எழுதியதைச் சேமிக்கிறோம் என்று நினைத்து அமுக்கினாள். முந்தின இரவு நான் அதை எல்லாவற்றையும் அழிக்கும் கீயாக்கியிருந்தேன்; அத்தனையும் போய்விட்டது. திரும்பப் பெறும் கீயைத் தேடினாள், கிடைக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். "மன்னிச்சுக்கோங்க சார், எனக்குத் தலையில அடிபட்டிருக்குதுங்க," என்று அவர்களிடம் சொன்னாள். நம்புங்கள், அங்கேயே நின்று அழுதேன்.

அந்த வாரமே உங்கள் ஆபீசிலும் ராஜினாமா கொடுத்தாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்; பாதிப் பகல் தூங்குகிறாள். மாமனார் பாலுசாமி கிணத்துக்கடவிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நீங்க இல்லீனா எம்புள்ள கதி என்னாகியிருக்குமுங்க," என்றார்.

அந்த லேப்டாப்பில் பத்தொன்பது மாற்றங்களைப் பார்த்திருப்பீர்கள். எதை மாற்றினாலும் தேதியோடு, காரணத்தை ஒரு வரி எழுதிப் பதிந்துவைப்பது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கை தானாக எழுதிவிடுகிறது. ஒரு வரியிலும் நான் பொய் எழுதவில்லை. 'லோகா குழம்புவதற்காக' என்று ஏழு இடத்தில் இருக்கும். 'இன்டர்வியூவுக்காக' என்று ஓரிடத்தில் இருக்கும்.

ஆமாம், அவளுக்கு மறதி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. எல்லாம் நான் செய்ததுதான்.

போன வாரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய உட்டுப்போட்டுப் போயிறாதீங்க," என்றாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள். அவளை நான் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து பாருங்கள். தலை பின்னிவிடுகிறேன், சோறு பிசைந்து கொடுக்கிறேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அக்ஷயா. ஏற்கெனவே நொந்துபோயிருப்பவள். அவளை இன்னும் அழவைக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?