லைலாக் புதரில் பதினைந்து நிமிடம்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். மே மாதம். கான்சாஸின் மேற்கு ஓரத்தில் ஒரு ஜல்லிச் சாலை... முன்னால் பதினோரு மைலுக்கு வீடு கிடையாது, பின்னால் ஒன்பது மைலுக்குக் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு நாலு கதவுப் பிக்கப் போகிறது. உள்ளே மூன்று பேர்.

மூன்று பேர்தான் என்று வண்டியை ஓட்டிய ராய்ஸ் அன்றைக்குச் சத்தியமே செய்திருப்பான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த டெல்மரைக் கேட்டால் நான்கு என்பான்.

இந்த ராய்ஸ் என் மச்சினனுக்குச் சித்தப்பா மகன். டயர் கடை வைத்திருக்கிறான். புளுகுகிறவன் இல்லை, புளுகுவதற்கு வேண்டிய பொறுமை அவனுக்குக் கிடையாது. அதனால்தான் நான் இதை நம்புகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நெருப்பில் இன்னொரு கட்டையைப் போடு, குளிருகிறது.

டெல்மருக்கு ஒரே மகள். டெஸ்ஸா. ஆறு வயது. நான் சொன்ன அந்த மே மாதத்துக்கு ஏழு வருடம் முன்னால், ஒரு செப்டம்பர் மாதம், அத்தை வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவும் மகளும் திரும்பி வரும்போது டயர் வெடித்தது. சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், ஆள் உயரத்துக்கு மேலே. அவன் குனிந்து நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் சோளத்தின் ஓரமாக நின்று ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "தூரப் போகாத கண்ணு" என்றான். "போகலப்பா" என்றாள்.

ஒரு நட்டு. இரண்டு. மூன்று. நான்காவது நட்டை முடுக்கும்போது பாட்டுச் சத்தம் இல்லை. சோள இலைகள் உரசுகிற சத்தம் மட்டும்தான்...

ஷெரிப் வந்தார். நாய்கள் வந்தன. மேலே சின்ன விமானம் சுற்றியது. மாவட்டத்து ஜனமே கைகோத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தது. அறுவடையும் முடிந்து நிலம் மொட்டையாகக் கிடந்தது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

தேனீ கொட்டினால் அந்தக் குழந்தைக்கு ஆகாது. உயிருக்கே ஆபத்து. அதனால் கையில் ஒரு வெள்ளிப் பட்டை போட்டிருந்தார்கள், பெயரும் வியாதியும் பொறித்தது. தொலைந்துபோனால் இருக்கட்டும் என்று அவள் அம்மா ஆர்டிஸ் இரண்டு வாங்கியிருந்தாள். பட்டை தொலைந்தால் என்றுதான் அவள் நினைத்தாள், பாவம்.

அடுத்த வருடம் டெல்மர் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினான். வீட்டுப் பின்பக்கத்தில் அந்த இரண்டாவது பட்டையைப் புதைத்து, மேலே கருவியை இப்படியும் அப்படியுமாக வீசிப் பார்த்தான். ஒவ்வொரு உலோகத்துக்கும் திரையில் ஒரு எண் வரும். ஆணிக்கு ஒன்று, பழைய காசுக்கு ஒன்று. இந்தப் பட்டைக்கு ஐம்பத்தெட்டு.

ராய்ஸும், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருக்கும் க்ளீட்டும் அவனோடு கிளம்பியது முதலில் பரிதாபத்தில்தான். பிறகு அவர்களுக்கு ருசி பிடித்துவிட்டது. வருடா வருடம், விதைப்புக்கு முன்னால், நான்கு நாள். நிலத்துக்காரன் கதவைத் தட்டி அனுமதி கேட்பது, தோண்டுவது, தோண்டிய குழியைப் புல்லோடு மூடுவது, ராத்திரி மோட்டலில் பொத்தானையும் வெள்ளிக் காசையும் கழுவிவைத்து ஒருவனை ஒருவன் கேலி செய்வது. டெல்மர் மட்டும் எதையும் தோண்டமாட்டான். எண்ணைப் பார்ப்பான், நகர்வான்.

ஏழாவது வருடம், இரண்டாம் நாள் அதே சாலைக்குப் போனார்கள். டெஸ்ஸா தொலைந்த இடம். நல்ல வெயில், காலை பத்து மணி. வெட்டிய சோளத்தட்டை காலில் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. ராய்ஸ் நிமிர்ந்து பார்த்தால், டெல்மர் நின்ற இடத்திலேயே திரும்பி, தன் முதுகுப் பக்கம் கருவியை வீசிக்கொண்டிருக்கிறான்.

"ராய்ஸ்... இங்க கொஞ்சம் வாயேன்."

திரையில் ஐம்பத்தெட்டு.

ஒரு பக்கம் வீசும்போது மட்டும் ஒலித்தால் பொய் என்பார்கள். குறுக்கே நின்று வீசினாலும் ஒலித்தால்தான் மெய். ராய்ஸ் குறுக்கே நின்று வீசினான். டிங்... டிங்... தெளிவாக, இளசாக ஒரு சத்தம். மூன்று பேரும் மண்டிபோட்டுத் தோண்டினார்கள். ஓரடி. ஒன்றரை அடி. மண்புழுதான் இருந்தது. குழியை வீசிப் பார்த்தால் சத்தமே இல்லை.

டெல்மர் எழுந்து இரண்டு எட்டு தள்ளி நின்று, பின்னால் வீசினான். டிங்.

இன்னும் பத்து எட்டு. டிங்.

"கீழ கரண்டு ஒயர் ஏதாவது போகும்டா" என்றான் க்ளீட். ராய்ஸ் கருவியை வாங்கிக்கொண்டு தனியாக நடந்து பார்த்தான். சத்தம் இல்லை. டெல்மர் பக்கம் வந்தான், அவன் முதுகுக்குப் பின்னால், சிறு பிள்ளை நிற்கிற தூரத்தில் வீசினான்... டிங்.

டெல்மர் அப்படியே தட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஏழு வருசமா முன்னாடியே பாத்து வீசிட்டிருந்தேன்டா" என்றான். "ஒரு தடவ பின்னாடி திரும்பிப் பாத்திருக்கலாம்ல." சொல்லிவிட்டு அழுதான். ஐம்பது வயது ஆம்பிளை, வாயைத் திறந்துகொண்டு அழுதான். மற்ற இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊர் சுற்றவில்லை, தேடவும் இல்லை. டெல்மருக்கு ஒரே ஒரு எண்ணம்தான். குழந்தையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஆர்டிஸுக்குப் போன் செய்தான். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாளாம். பிறகு, "அவ கட்டிலுக்கு விரிப்பு மாத்தி வைக்கிறேன்" என்றாளாம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே சடங்கு. வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பின்னால் வீசிப் பார்ப்பான், ஐம்பத்தெட்டு இருக்கும். வண்டியருகே கருவி உதவாது, அத்தனையும் இரும்பு, கத்தித் தீர்க்கும். அதனால் கருவியை அணைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இருபது வரை எண்ணுவான். "அவளுக்குச் சின்னக் காலு. ஏற நேரமாகும்." அப்புறம் தானும் ஏறுவான், பக்கத்து இடத்துக்கு பெல்ட்டைப் போட்டுவிடுவான்.

சாப்பாட்டுக் கடையில் மூன்று காப்பி, ஒரு சாக்லேட் பால். "பில்ல அவளும் பங்கு போடுவாளா?" என்று க்ளீட் கேலி செய்தான். ஆனால் அடுத்த நிறுத்தத்தில், யாரும் சொல்லாமலே, பின்சீட்டிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டுக்கு மாறிவிட்டான். ராய்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இருபது எண்ணிக்கை. பெட்ரோல் போட்டால் இருபது, மூத்திரம் போனால் இருபது. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பான்.

மூன்றாம் நாள். அந்த ஆறு மணி பத்து நிமிடம். வீடு இன்னும் நூற்றியெண்பது மைல்.

ராய்ஸ் பிரேக்கைப் போட்டான். சாலையின் வலப்பக்கம், வெற்று வெளியில், ஒரு லைலாக் புதர். ஊதாவாகப் பூத்துக் கொட்டுகிறது. நம் ஆட்களுக்கு இது போதும். லைலாக் தானாக முளைக்காது, ஒருத்தி நட்டிருப்பாள். ஒருத்தி நட்டிருந்தால் அங்கே வாசல் இருந்திருக்கும். வாசல் இருந்தால், நூறு வருடமாகச் சட்டைப்பையிலிருந்து விழுந்ததெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கும்.

"பதினஞ்சு நிமிசம்டா" என்றான் ராய்ஸ்.

"வேண்டாம்டா. ஆர்டிஸ் வாசல்லயே நிப்பா."

"ஏழு வருசம் காத்திருந்தவ கால் மணி நேரம் காத்திருக்க மாட்டாளா?"

டெல்மர் பக்கத்து இடத்து பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். இறங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். பிறகு புதரைச் சுற்றி மெதுவாக நடந்தான், அடிக்கடி பின்னால் வீசிக்கொண்டே. ராய்ஸ் ஒரு முறை திரும்பிப் பார்த்தபோது டெல்மர் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே ராய்ஸுக்கு மறந்துபோயிருந்தது.

பதினைந்து நிமிடம் நாற்பதாயிற்று. ராய்ஸ் ஒரு காசும் ஒரு குதிரை லாடமும் எடுத்தான். இடப்பக்கம் வானம், ஆலங்கட்டி மழைக்கு முன்னால் வருவதுபோல, பச்சையாக மாறிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று பூ வாசனை நின்றுபோயிற்று. குளிர்ந்த காற்று, ஈரமண் வாசனை... டக்.

வண்டிக் கூரையில் ஒரு ஐஸ்கட்டி. டக்... டக். கோழிமுட்டை அளவு.

ஓடினார்கள். ராய்ஸ் ஏறி வண்டியைக் கிளப்பினான். க்ளீட் ஏறிவிட்டான். முன்கண்ணாடியில் ஒரு விரிசல் ஓடியது. டெல்மர் வலப்பக்கப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். நெற்றியில் ரத்தம் வழிகிறது. கண் புதர்ப்பக்கம்.

"ஏழு... எட்டு..."

"ஏறுடா பைத்தியக்காரா!"

"இருடா, அவ இன்னும் வரல. ஒம்பது..."

இதைத்தான் ராய்ஸ் அப்போது சொன்னான். இன்றைக்குவரை குடித்தால் இதைச் சொல்லித்தான் அழுகிறான். "பேய்க்கு ஐஸ்கட்டி வலிக்காதுடா!" என்று கத்தினான். க்ளீட் இருக்கைமேல் தாவி, டெல்மரின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவை அறைந்து சாத்தினான். ராய்ஸ் பெடலை மிதித்தான். ஒரே அடிமேல் அடி, தகரக் கொட்டகைக்குள் கல்லைக் கொட்டுவதுபோல. டெல்மர் என்ன கத்தினான் என்பதே கேட்கவில்லை.

நாலு மைல் தள்ளி ஒரு பாழடைந்த தானியக் கொட்டகை இருந்தது. அதற்குள் வண்டியை நுழைத்தான். இருபது நிமிடத்தில் மழை விட்டது. உடனே திரும்பிப் போனார்கள். தரையெல்லாம் வெள்ளை. லைலாக்கில் ஒரு பூ இல்லை, ஒரு இலை இல்லை. டெல்மர் வீசினான். புதரைச் சுற்றி, பள்ளத்தில், சாலையில். பின்னால். மறுபடி பின்னால். "டெஸ்ஸா, அப்பா வந்துட்டேன்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே வீசினான். ராய்ஸும் வீசினான். விடிய விடிய மூன்று பேரும் வீசினார்கள், பேட்டரி தீரும்வரை. ஒரு ஆணிகூட ஒலிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது ஆர்டிஸ் வாசலில் நின்றாள்.  நேராக வண்டிக்கு வந்து பின்கதவைத் தானே திறந்தாள். டெல்மர் பழக்கப்படி பெல்ட்டைப் போட்டுவிட்டிருந்த காலி இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் டெல்மர் அந்தச் சாலையே கதியென்று கிடந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் வீட்டுக்கு வந்தான். கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நீயே வச்சுக்கடா. அவ போயிட்டா. அவளாத்தான் போனா" என்றான். "ரெண்டு நாள் அப்பாகூடச் சுத்தினா, போதும்னு கிளம்பிட்டா. புதர்கிட்ட நிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க போகணுமோ அங்க நிம்மதியாப் போயிருப்பா."

"நான் அன்னிக்கு நின்னிருந்தா..."

"நீ நின்னிருந்தாலும் வந்திருக்க மாட்டாடா. விடு. ஆர்டிஸும் அதத்தான் சொல்றா."

அன்றிலிருந்து டெல்மர் தூங்குகிறான். உடம்பில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. இரண்டு பேரும் சர்ச்சுக்குப் போகிறார்கள். இந்தப் புத்தாண்டுக்கு ஆர்டிஸ் பாட்டுக்கூடப் பாடினாளாம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அந்த மழையில் அடிவாங்காத வண்டி அந்த வட்டாரத்திலேயே இல்லை. வண்டித் தகரத்தில் விழுந்த பள்ளத்தை நிமிர்த்துகிறவனிடம் ராய்ஸுக்கு முறை வர ஆகஸ்டு ஆகிவிட்டது. அவன் கூரையைத் தடவினான், பானெட்டைத் தடவினான், இடப்பக்கம் முழுக்கத் தடவினான். காற்று அந்தப் பக்கம்தான், ஐஸ்கட்டி விழுந்தது அங்கேதான். வலப்பக்கம் கண்ணாடிமாதிரி இருந்தது. அப்புறம் அவன் குனிந்தான்.

"இது ஐஸ்கட்டி இல்லையே சார். யாரோ கையால குத்தியிருக்காங்க. சின்னக் கை... பாருங்க, விரல் முட்டி நாலும் தெரியுது."

ராய்ஸ் பார்த்தான். வலப்பக்கப் பின்கதவில், இடுப்புக்குக் கீழே, வரிசையாக மூன்று. நெருக்கமாக. நான்காவது சக்கரத்துக்கு மேலே. ஐந்தாவது இன்னும் தள்ளி. ஆறாவது வண்டியின் கடைக்கோடியில், பின்விளக்கருகே.

"வண்டி ஓடிட்டிருந்துச்சா?" என்று கேட்டான் அவன்.

 ராய்ஸ் மற்றதையெல்லாம் எடுக்கச் சொன்னான், அந்த ஆறை மட்டும் விட்டுவிடச் சொன்னான். டெல்மர் வீட்டுப் பக்கம் போனால் வண்டியை வலப்பக்கம் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துகிறான். அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

என் மச்சினன் விரலை வைத்துப் பார்த்திருக்கிறான். ஆறிலும் அந்தக் கடைசிப் பள்ளம்தான் ஆழமாம்.