அந்தக் கண்ணைத் துடைக்கக் கூடாது

ஹலோ... ஹலோ, ரிஸ்லா மிஸ்ஸா... ஆமா, நான் தான், லிந்துலையில இருந்து பேச்சியம்மா... இருங்க, வாசப்படிக்கு வந்துர்றேன், காம்பராவுக்குள்ள சிக்னல் நிக்காது... ம், இப்பக் கேக்குது.

வந்துட்டாங்க மிஸ். வந்து ஒரு மணித்தியாலம் ஆச்சு. நீங்க அனுப்புன வேன் மேல்ரோட்டுல நிக்குது... இல்ல, படத்தக் குடுக்கல... குடுக்கலன்னு தான் சொல்றேன்... கோவப்படாதீங்க, கேளுங்க. ஒங்க கொழும்பு கண்காட்சிக்குக் குடுக்குறேன்னு நான் தான் சொன்னேன். ஆமா, ஆமா, மறக்கல. கம்பளி எல்லாம் கொண்டாந்து சுத்தப் போற நேரத்துல வேன்ல வந்த அந்தச் சுமன் தம்பி சொல்லுது, "அம்மா, இந்தக் கண்ணும் பொட்டும் பின்னால யாரோ கிறுக்குனது, அங்க போனதும் மருந்து போட்டுத் தொடச்சிருவோம்"னு... ஆமா, அதான். படப் பலகையத் திருப்பி செவுத்துல சாச்சு வெச்சிட்டேன்.

யாரோ இல்ல மிஸ். நான் தான்... நான் தான் போட்டேன், ஒம்பது வயசுல.

சொல்லலியா... நீங்க கேக்கலியே. படம் வரைஞ்சவரு எந்த ஊருல இருந்து வந்தாரு, எந்தக் கப்பலு, எத்தன படம் வரைஞ்சாரு, இதத் தான கேட்டீங்க... ஆமா, படக்காரத் தொரைன்னு தான் சொல்லுவோம். யூதருன்னு நீங்க சொல்லித் தான் எனக்கே தெரியும். எங்களுக்கு வெள்ளத் தோலுன்னா தொரை. "நான் தொரை இல்ல, ஊர விட்டு ஓடி வந்தவன்"னு அவரு சொல்லுவாரு, நாங்க சிரிப்போம்.

பின்ன என்ன மிஸ், தோட்டத்துப் பெரிய தொரை பங்களாவையும் பூந்தோட்டத்தையும் வரையச் சொன்னா, இவரு மழையில கொழுந்து நிறுக்குற எடத்துல போயி நின்னுக்கிட்டாரு. எங்கம்மா காலுல அட்ட கடிச்சு ரத்தம் வழியிறத வரைஞ்சாரு. கணக்கப்புள்ள தராசுல கை வெச்சு அமுக்குறதையும் வரைஞ்சாரு. விடுவாங்களா. பங்களாவுல இருந்து வெரட்டிட்டாங்க. சாகுற வரைக்கும் தலவாக்கலையில ஒரு முஸ்லிம் நானா கட மாடியில தான் கெடந்தாரு. படம் போடத் துணி வாங்கக் காசில்லாம தேயிலப் பெட்டிப் பலகையில வரைஞ்சாரு... ஆமா, இதும் அதே பலக தான்.

கண்ணு ஏன் வெச்சேனா... சொல்றேன், சொல்றேன். சாயம் காயட்டும்னு பலகைய எங்க லயத்து இஸ்தோப்புத் திண்ணையில சாத்தி வெச்சிட்டுப் போயிட்டாரு. பாத்தா எங்கம்மா இருக்கு, நாகலெட்சுமி சின்னம்மா இருக்கு, அது மூக்கு மச்சம் கூட இருக்கு. ஓரத்துல நிக்கிற பொம்பளைக்கு மட்டும் மொகமே இல்ல. விடிஞ்சா தைப்பொங்க. மொகமில்லாத உருவம் வீட்டு வாசல்ல நிக்கலாமா. தொரை மறந்துட்டாருன்னு நெனச்சேன். அம்மாவோட கண்ணுமைய எடுத்து, கோயில்ல சாமிக்குக் கண்ணு தொறக்குற மாதிரி, ரெண்டு கண்ணு வெச்சேன். குங்குமத்துல ஒரு பொட்டு. அம்மா தேயில மிலாறுக் குச்சிய எடுத்து முதுக உரிச்சிருச்சு.

அப்பப் பாத்துத் தொரை வந்துட்டாரு. பலகையப் பாத்தாரு. அப்பிடியே தரையில ஒக்காந்துட்டாரு... இல்ல மிஸ், திட்டல. அழுதாரு. பெரிய மனுசன் அழுது அன்னைக்கித் தான் பாத்தேன்.

அது அவரு தங்கச்சி. கப்பலுக்கு ஒரு டிக்கட்டு தான் கெடச்சுச்சாம், வீட்டுல இவர அனுப்பிட்டாங்களாம். கொஞ்ச நாளு கடுதாசி வந்துச்சு, அப்புறம் நின்னுருச்சு. ஆத்தா, அப்பன், தங்கச்சி, ஒருத்தர விடாம கொன்னுட்டானுங்க. அந்தப் புள்ளையத் தான் எல்லாப் படத்துலயும் கொண்டாந்து நிறுத்துறாரு. மொகத்துக்குப் போனா கை ஓடாதாம். ஞாபகத்துல வரலியாம், இருவது வருசமா.

என்னது... புஸ்தகத்துல அப்பிடியா போட்டிருக்கு... மொகம் வரையாம விட்டது தோட்டத் தொழிலாளிக்கு மொகம் இல்லன்னு காட்டத் தானா... நல்லா எழுதுனாங்க போங்க. சின்னம்மா மச்சத்தையே விடாத மனுசன் மிஸ் அவரு.

"பேச்சி, இனி இத விக்க ஏலாது. ஒங்க வீட்டுலயே இருக்கட்டும். இவ பாக்குறா"ன்னு சொல்லிக் குடுத்தாரு. அன்னையில இருந்து பொங்கலுக்குப் பொங்க மை தொட்டு வெக்கிறேன்... ஆமா, அதான் தடிச்சுப் போயிருக்கு. அழுக்கில்ல அது.

மிஸ், இந்த லயத்துல வரிசையா பன்னெண்டு காம்பரா. ஆளு இருக்குறது அஞ்சுல. மகன் கிஷாந்த் கத்தார்ல. "சாப்டியாம்மா"ன்னு கேப்பான், நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வெச்சிருவான். எங்க வீட்டுக்காரரு போயி ஏழு வருசமாச்சு. கொழம்பு வெச்சா உப்புப் பாக்கக் கூட ஆளில்ல. படத்துல நிக்கிற அந்தப் புள்ளகிட்ட தான் பேசுறேன். வெள்ளிக்கிழம சாமிக்கு ஒரு வெளக்கு, அதுக்கு ஒரு வெளக்கு. தொரையும் வெள்ளிக்கிழம பொழுதிறங்க மெழுகுதிரி ஏத்துவாரு, சின்னதுல பாத்திருக்கேன்... தனியா இருக்க முடியல மிஸ் எனக்கு. உள்ளதச் சொல்றேன்.

அப்புறம் ஏன் குடுக்குறேன்னா... கூரை ஒழுகுது, பலக ஊறிப் போச்சு. நான் கண்ண மூடுனா பொளந்து அடுப்புல வெச்சிருவாங்க. நாலு பேரு வந்து போற எடத்துல இருக்கட்டும்னு தான். ஆனா கண்ணத் தொடச்சா அந்த மனுசன் மறுபடியும் தங்கச்சியத் தேடணும்.

ம்... ம்... ஒங்க பெரியவங்களக் கேக்கணுமா... கேளுங்க... அப்பிடியா. தொடைக்க மாட்டோம்னு எழுத்துல தருவீங்களா... சரி. சரிங்க மிஸ்.

பேரா... தங்கச்சி பேரா. தெரியும். எனக்கு மட்டும் தான் சொன்னாரு... எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையா... ம்.

இல்ல மிஸ். போன்ல சொல்ல மாட்டேன்.

இப்பச் சொல்லிட்டா நீங்க வர மாட்டீங்க. மூணு மாசமா வர்றேன் வர்றேன்னீங்க, வந்தது வேன் தான். வேற யாரு மகளே எனக்குப் போன் எடுக்குறா... படமும் போயி பேரும் போயிருச்சுன்னா நீங்களும் எடுக்க மாட்டீங்க. அதுல ஒன்னும் தப்பில்ல, ஒலகம் அப்பிடித் தான். வெள்ளிக்கிழம வாங்க. தொடைக்க மாட்டோம்னு அது மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. பேரையும் சொல்றேன், பலகையும் தர்றேன்.

வர்றீங்களா... நெசமாவா... கோச்சியில வந்து தலவாக்கல ஸ்டேசன்ல எறங்குங்க... ரொட்டி தான் சுடுவேன், தொட்டுக்கக் கட்டச்சம்பலு, எறச்சி ஒன்னும் இல்ல, நீங்க சாப்புடலாம், பயப்படாதீங்க... சரி, வேன அனுப்பிர்றேன். அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்துட்டேன்... எத்தன மணிக் கோச்சி... மிஸ்... ஹலோ... வெள்ளிக்கிழம தான... ஹலோ...

கட்டாயிருச்சு.

மின்னா... இரு, ஒன்னத் திருப்பி வெக்கிறேன், நீ செவுத்தப் பாத்தது போதும். வெள்ளிக்கிழம நம்மளப் பாக்க ஒரு புள்ள வருது. வரும்னு தான் சொல்லுச்சு.