நாலாம் கூண்டு எலிகள்

சாயங்காலம் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி. லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே, கழுத்தில் காலேஜ் அடையாள அட்டையோடு ஒரு பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னாள்: "ஈரல் ஒவ்வொண்ணும் அவ்வளவு அழகா இருந்துச்சுக்கா."

என் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் டப்பாவை மூடிவிட்டார்.

"எந்த எலிடி?"

"நாலாம் கூண்டு. மூணுக்கும் நாலுக்கும் ஈரலைக் கெடுக்கிற ஒரே கெமிக்கல்தான் கொடுத்தேன். நாலுக்கு மட்டும் கூடவே கீழாநெல்லிச் சாறு. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில நானே பறிச்சது."

"உங்க கைடுதான் அது வேஸ்ட்டு, வேற டாபிக் பாருன்னாரே."

"ஆமா. ஈரல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்புல பார்க்கிற டாக்டர் காலைல போன்ல ஒரே திட்டு. அவர்கிட்ட எது எந்தக் கூண்டுன்னு சொல்ல மாட்டோம், வெறும் நம்பர்தான். 'ஆறு எலிக்கு நீ கெமிக்கலே கொடுக்கலை, பொறுப்பே இல்லை, முதல்லேர்ந்து பண்ணு'ன்னார்."

"ஐயோ. நீ என்ன சொன்னே?"

"எந்த நம்பருங்க சார்னு கேட்டேன். ஒவ்வொண்ணா படிச்சார். ஆறும் நாலாம் கூண்டுக்கா. எனக்கு அழுகை வந்துருச்சு. திட்டினதுக்குத்தான் அழறேன்னு நினைச்சு, 'சரி சரி விடும்மா'ன்னார்."

பெருங்களத்தூரில் கூட்டம் இறங்கியது. இட்லி அம்மாள் இறங்கவில்லை, டப்பாவையும் திறக்கவில்லை, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைடுகிட்ட சொல்லிட்டியா?"

"நான் எதுக்குக்கா சொல்லணும்? அந்த டாக்டரையே அவருக்குப் போன் பண்ணி, இதே மாதிரி என்னைப் பத்தி கம்ப்ளெயிண்ட் பண்ணச் சொல்லியிருக்கேன்."