தவுட்டுக்கு வாங்கின புள்ள

அப்பா இல்லம்மா நானு. மாமாவும் இல்ல. ஓனருன்னு போட்டுக்கோங்க.

சிரிக்காதீங்க நர்ஸம்மா, பின்னால வரிசையில நிக்கறவங்க இன்னா நெனப்பாங்க? சத்தியமா, இந்தப் புள்ளைய வெலைக்கு வாங்கினவன் நானு. ஒரு மொறம் தவுடு குடுத்து. ஐயய்யோ, போலீசெல்லாம் எதுக்கு? குந்துங்க, சொல்றேன்.

எம்பேரு மக்பூல். தேரடிப் பக்கம் தவுடு, புண்ணாக்குக் கடை. எங்கிட்ட மாட்டுக்குத் தவுடு வாங்கறவன் வேணு. அவனும் அவன் பொஞ்சாதி பச்சையம்மாவும் பெத்ததுதான் இது. இதுக்கு முன்ன ரெண்டு பொறந்து, ரெண்டும் வருசம் திரும்பறதுக்குள்ள போயிடுச்சு. மூணாவது இது பொறந்ததும் நேரா என் கடைக்குத் தூக்கினு வந்துட்டாங்க. பாய், ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கிக்கோ, பேருக்குத்தான், வளக்கறது நாங்கதான்னாங்க. சாவு வேணு புள்ளையத் தேடினு வருமாம். இது பாய் புள்ளைன்னு தெரிஞ்சா வந்த வழியே திரும்பிடுமாம். எண்பத்தாறுலயும் இந்தக் கூத்தான்னு கேக்கறீங்க, உங்க ஊர்ல இல்லையா? இருக்குதில்ல? அப்புறம் இன்னா!

நல்ல தவுடாத்தான் குடுத்தேன், உமி கலக்காதது. புள்ள விசயத்துல ஏமாத்தலாமா? பேரு உண்ணாமலை. கூப்புடறது தவுடு. தவுடுன்னு சொல்லிப் பாருங்க, சிரிக்கும்.

ஆமா, இந்த ஊசியில தொண்டை அடைப்பானுக்கும் மருந்து இருக்குதில்ல? முத்தடுப்புன்னா அதுவும் சேத்திதானே? சரி சரி, சும்மாதான் கேட்டேன்.

எடையா? காலையிலயே கடைத் தராசுல போட்டாச்சு. ஆறேகால் கிலோ, சாக்கு எடை கழிச்சு. ஏம்மா மொறைக்கறீங்க? தட்டைத் தொடச்சுட்டுத்தான் குந்த வெச்சேன். ஏழு மாசத்துக்குக் கம்மியா? பெத்தவங்க கையில சொல்லிடறேன்.

பேருக்குத்தான்னு சொன்னவங்க, இப்ப எதுக்கெடுத்தாலும் என்னை இழுக்கறாங்க. மொட்டை அடிக்கப் போனோம். தாய்மாமன் மடியிலதானே குந்த வெப்பாங்க? பச்சையம்மா ஒத்துக்கல. வித்த புள்ளைக்கு ஏது மாமன், பாய் மடியிலதான் வெக்கணும்னு நின்னுட்டா. அவ அண்ணன் சடையன் மீசைய முறுக்கினு வர்றான். மொட்டை அடிக்கற ஆளு கத்தியோட நின்னுனு, ஜல்தி ஒரு முடிவுக்கு வாங்கப்பான்னு கத்தறான். கடைசியில ரெண்டு பேரும் ஒட்டிக் குந்தினோம். அவன் தொடை ஒண்ணு, என் தொடை ஒண்ணு, நடுவுல தவுடு. அது ஓரவஞ்சனையே பண்ணலம்மா. அவன் வேட்டியும் நனைஞ்சு போச்சு, என் லுங்கியும் நனைஞ்சு போச்சு.

போன வாரம் நீங்க அவங்க தெருவுக்குப் போனப்ப, இது எங்க புள்ள இல்லன்னு பச்சையம்மா சொன்னாளாமே? நீங்களும் நல்லா திட்டிட்டு வந்தீங்களாம். திமிரு இல்லம்மா, பயம். இங்க வந்தா அம்மா யாருன்னு கேப்பீங்க. அவ வாயத் தொறந்து நாந்தான்னு சொல்லிட்டா, வித்த கதை அம்பேல். சாவு காதுல வுழுந்துடுமாம். அதனால இன்னிக்குக் கடை தொறந்ததும் வேணு வந்து, புள்ளைய மூட்டை மேல குந்த வெச்சுட்டு, உன் சரக்கு, நீயே இட்டுனு போன்னுட்டான். அதோ பாருங்க, கேட்டுக்கு வெளிய புளியமரத்தடியில. பஸ்ஸுக்கு நிக்கறவங்க மாதிரி எங்கியோ பாத்துனு நிக்கறாங்களே, அவங்கதான். ஐயோ, கூப்புடாதீங்க! கையாட்டாதீங்கம்மா!

இன்னா, ஆப்பிரிக்காவுலயும் இதே ஊசிதானா? உலகம் பூராவா? அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கற படம் அதானா? நான் ஏதோ சோப்பு விளம்பரம்னு பாத்துனு இருந்தேன். ஆசிரமத்தாண்ட ஒரு வெள்ளைக்காரம்மா இருக்குது, அரைகொறைத் தமிழ் பேசும். அவங்க ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் குத்திடறாங்களாம், புள்ள சாவறது ரொம்பக் கம்மியாம். அப்போ அங்க புள்ளைக்குத் தவுட்டு யாவாரம் படுத்துப் போயிருக்குமேன்னேன். அது, மாடு இருக்குது, தவுடு திங்கும்னுச்சு.

குத்தினா ஜுரம் வருமாமே? ஒரு நாளுதானே? மாத்திரை நீங்களே தருவீங்களா? சடையன் சொல்லித்தான் அனுப்பிச்சான். ஜுரம் ஜாஸ்தியாச்சுன்னா கடையில ஒரு மூட்டை நிக்காதாம். பேஜாரு புடிச்சவன். வரட்டும். ஆனா தொண்டை அடைப்பான் மட்டும் கண்டிப்பா வராதில்ல?

இன்னாது? மறுபடியும் கேட்டுட்டனா?

அது ஒண்ணுமில்லம்மா. எங்க புள்ள அஸ்மத்து போனது அதாலதான். மூணு வயசு. இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்ன, ஆம்பூர்ல இருந்தப்ப. எம்பொஞ்சாதி பீபி ஜானும் நானும் அத இங்க யாருகிட்டயும் பேசறதில்ல. வேணுவுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்கிட்ட வித்திருப்பானா? பாய் வீட்டுப் பக்கம் சாவு வராதுன்னு நம்பினு நிக்கறான், பாவம். அதுக்கு எங்க வீட்டு வழியும் தெரியும்மா.

அதான் தவுடு குடுத்ததோட நிக்காம இட்டுனு வந்தேன். மரத்தடியில இருக்கறவங்ககிட்ட சொல்லிடாதீங்க. நான் புள்ள காலைப் புடிச்சுக்கறேன், நீங்க குத்துங்க. மொதல்ல கொஞ்சம் நகருங்க, உங்க சேலை நனையுது.